ஒரு கோட்டுக்கு ஒரு பேனா

எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டம் பிறக்க ஒரு பேனா போதாது. ஆளுநர் மேசையில் உட்காருவார். ஒரு பேனாவை எடுத்துத் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதி, அந்தப் பேனாவைப் பின்னால் நிற்கும் பெரிய மனிதர் ஒருவரிடம் கொடுப்பார். அடுத்த எழுத்துக்கு அடுத்த பேனா, அடுத்த பெரிய மனிதர். பெயர் முடியும்போது பேனாக்களும் தீர்ந்திருக்கும். வாங்கிப் போனவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அலுவலகச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள். சட்டம் என்ன ஆயிற்று என்று அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை. பேனா பத்திரமாக இருக்கிறதே, போதாதா.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

டெல்மர் ராட்லிஃப் என் பக்கத்து வீட்டுக்காரன், பள்ளியில் என்னோடு படித்தவன். அதே பள்ளியில் மரவேலை வாத்தியாராக இருந்தான். ஓய்வுக்குப் பிறகு கொட்டகையில் ஒரு கடைசல் மெஷினை வைத்துக்கொண்டு பேனா செய்ய ஆரம்பித்தான். புது மரத்தைத் தொடமாட்டான். இடித்த தேவாலயத்தின் பெஞ்சு, மூடிய பள்ளியின் தரைப்பலகை, யாரோ அடுப்புக்குக் கொண்டுபோன பாலத்துக் கட்டை என்று ஊரில் எது இடிந்தாலும் அவன் வண்டி அங்கே நிற்கும். விரல் நீளத்துக்கு அறுத்து, நடுவில் துளை போட்டு, பித்தளைக் குழாயைச் செருகி ஒட்டி, மெஷினில் சுழலவிட்டு உளியைக் காட்டுவான். சந்தையில் மேசை போட்டு விற்பான். வாங்குகிறவர்களைவிட, எடுத்துப் பார்த்து "அழகா இருக்கே" என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

அவன் மனைவி ரோவீனா சுரங்கத் தொழிலாளி. ஆமாம், மனைவிதான். எங்கள் பக்கத்தில் சில பெண்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்கள், வாத்தியார் சம்பளத்தைவிட அது மேல் என்பதால். பிளம் ஃபோர்க் சுரங்கத்தை மூடும்வரை அவள் இறங்கினாள். இப்போது மூக்கில் குழாய், காலடியில் சக்கரம் வைத்த ஆக்சிஜன் பெட்டி. நாக்கு மட்டும் பழைய நாக்கு.

நஷ்ட ஈடு கேட்டு அவள் விண்ணப்பித்தபோது மாநிலத் தொழில்நலத் துறையின் டாக்டர் ஆட்லி அவளைப் பரிசோதித்தார். நிலக்கரித் தூசியால்தான் அவள் நுரையீரல் கெட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வீட்டில் கோழி வளர்க்கிறீர்களா என்று கேட்டார். வளர்க்கிறேன் என்றாள். அப்படியானால் கோழிதான் என்று எழுதிவிட்டார்.

ஊரில் தீயணைப்பு நிலையத்தை ஒட்டி இரண்டு அறையில் ஒரு மூச்சு கிளினிக் இருந்தது. ட்வைலா என்ற நர்ஸ் அதை நடத்தினாள். ரோவீனாவைப் போன்றவர்களுக்கு முதுகைத் தட்டிச் சளியை இறக்குவது, ஆக்சிஜன் அளவைத் திருத்துவது, சிலிண்டர் மாற்றிக் கொடுப்பது எல்லாம் அங்கேதான். அதை விட்டால் மலையிறங்கி நகரத்துக்குப் போக வேண்டும். ரோவீனாவின் ஆக்சிஜன் பெட்டி பாதி வழி வரைக்கும்தான் வரும். மீதி வழிக்கு அவள் என்ன செய்வாள் என்று யாரும் சொல்லவில்லை. கிளினிக்கின் நிதி தீர்ந்துகொண்டிருந்தது. நிலக்கரிக் கம்பெனிகள் கொடுக்கும் வரியிலிருந்து ஒரு துளியை எடுத்து அதை நடத்தலாம் என்று ஒரு மசோதா, யார் செய்த புண்ணியமோ, சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. ஆளுநர் கையெழுத்து மட்டும் பாக்கி. எங்கள் மாநில விதிப்படி, கூட்டத்தொடர் முடிந்து குறிப்பிட்ட நாளுக்குள் ஆளுநர் கையெழுத்துப் போடாவிட்டால் மசோதா தானாகவே செத்துப்போகும்.

ஆளுநர் ராய் ஓட் தொலைக்காட்சியில் தோன்றினார். "பிளம் ஃபோர்க் சுரங்கத்துல நிலக்கரியைச் சலிச்சு ரயில்ல கொட்டுன அந்த மரக்கோபுரம் இப்ப இல்ல. ஆனா அதோட மரம் இருக்கு. அந்த மரத்துல செஞ்ச பேனாவாலதான் இந்தச் சட்டத்துல கையெழுத்துப் போடுவேன். வேற எந்தப் பேனாவாலயும் போடமாட்டேன். இது உழைச்ச மக்களுக்கு நான் கொடுக்குற வாக்கு" என்றார்.

வாக்கைக் காப்பாற்றினார். அதில் குறை சொல்ல முடியாது.

கோபுரத்தை இடித்தபோது அதன் செஸ்நட் மர உத்தரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் டெல்மர் ஒருவன்தான். ஆளுநர் மாளிகையின் விழாத் துறையிலிருந்து இயக்குநர் செலஸ்ட் பெம்பர்டன் அவனைக் கூப்பிட்டார். போனை வைத்துவிட்டு டெல்மர் எங்கள் வேலியோரம் வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது.

"லூத்தர், கவர்னர் என் பேனாவால கையெழுத்துப் போடப் போறார்" என்றான்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த ரோவீனா, "அந்த மரத்துல பாதி ஏற்கெனவே என் நெஞ்சுக்குள்ள இருக்கு. என்னையே மெஷின்ல மாட்டிக் கடைஞ்சிரு, வேலை சுளுவா முடியும்" என்றாள்.

"ஒரு நல்ல காரியத்துக்கும் ஆகாத பேச்சா பேசாதே, ரோ. கையெழுத்தானா ட்வைலா இங்கயே இருப்பா."

"ஆகட்டும். ஆனப்புறம் நல்லபடியாப் பேசறேன்."

முதலில் கேட்டது ஆறு பேனா. ராய் ஓட் என்ற பெயருக்கு எங்கள் ஆங்கிலத்தில் ஆறே எழுத்துதான். ஆனால் பேனா வேண்டும் என்பவர்கள் ஆறு பேரில் அடங்கவில்லை. மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர்கள், எதிர்த்துவிட்டு மனம் மாறியவர்கள், எதிர்த்துவிட்டு மனம் மாறாதவர்கள், நகரத்து மருத்துவமனையின் நிர்வாகிகள் எல்லோரும் கேட்டார்கள். பிளம் ஃபோர்க்கை நடத்திய கிரேஸ்டன் கம்பெனியின் தலைவர் ப்ரைஸ் ஆர்மிடேஜ் முதல் எழுத்தின் முதல் கோட்டையே கேட்டார். அந்த வரியை எதிர்த்து அவர் செலவழித்த அளவுக்கு வேறு யாரும் அந்த மசோதாவுக்காக உழைக்கவில்லை என்பது காரணம்.

இதற்கு முந்தைய ஆளுநருக்கு நீளமான பெயர். அந்தக் காலம் பொற்காலம் என்று பெம்பர்டன் பெருமூச்சு விட்டார். "மக்கள் ஓட்டுப் போடும்போது இதையெல்லாம் யோசிக்கறதே இல்ல, மிஸ்டர் ராட்லிஃப்" என்று போனில் சொன்னார். பிறகு வழி கண்டுபிடித்தார். ஆளுநரின் பெயரில் 'ஓ' என்ற எழுத்துக்கு இரண்டு வட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் நாலு வளைவாகப் பிரித்தார்கள். நிற்கும் கோடு ஒருவருக்கு, குறுக்குக் கோடு ஒருவருக்கு. நடுப்பெயரையும் சேர்த்தார்கள். கடைசியில் ஒரு புள்ளி வைப்பதென்றும் முடிவாயிற்று. எந்தக் கோடு யாருக்கு என்பதில் தகராறு வந்தது. வட்டத்தின் மேல் வளைவு கிடைத்தவர் கீழ் வளைவு கிடைத்தவரோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டோம். ஆளுநர் தினமும் காலையில் கால் வளைவு போட்டுப் பழகினார்.

டெல்மர் இரவு பகலாகக் கடைந்தான். தூசி வீட்டுக்குள் போகக்கூடாதென்று கொட்டகையிலேயே சட்டையைக் கழற்றி உதறிவிட்டு, குளிரில் வெற்றுடம்போடு வீட்டுக்கு ஓடுவான். மரத்தின் ஒவ்வொரு புழுத்துளையிலும் நிலக்கரித் தூசி அடைந்திருந்தது. உளி பட்டதும் கறுப்பாகக் கொட்டும். மெருகு போட்டபின் தேன்நிற மரத்தில் அந்தக் கறுப்புப் புள்ளிகள் அழகாகத்தான் இருந்தன.

அந்த அழகை ஒரு மாதிரிப் பேனாவில் பார்த்த பெம்பர்டன் பயந்துபோனார். ஆளுநர் கையில் பிடிக்கப்போகும் பொருளில் இந்தக் கறுப்பு என்ன என்று பரிசோதிக்கத் தொழில்நலத் துறையை ஆள் அனுப்பச் சொன்னார்.

டாக்டர் ஆட்லி வந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை, முகத்தில் இரட்டைக் குழாய் வைத்த முகமூடி, கையில் ஊதா கையுறை. அவரோடு வந்த இரண்டு பேருக்கும் அதே கோலம். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ரோவீனாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது, குரலை வைத்தே.

ஒரு மேசைக்கரண்டித் தூசியை மூன்று உறை போட்டு எடுத்துப் போனார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து, கொட்டகை வாசலில் மஞ்சள் நாடா கட்டினார்கள். டாக்டர் ஆட்லி வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு எங்களுக்கு விளக்கினார். அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கமாட்டார்.

"இந்தத் தூசி ரொம்ப மோசமானது. ஒருதடவை நுரையீரலுக்குள்ள போச்சுன்னா வெளிய வராது. தசையைக் கல்லாக்கிடும். இதைச் சுவாசிச்சா என்ன ஆகும்ங்கறதுல மருத்துவ உலகத்துல ரெண்டு கருத்தே கிடையாது. கவர்னர், உறுப்பினர்கள் ஆரோக்கியத்தோட நாங்க விளையாட முடியாது."

"ஒரு பேனாவை எவ்வளவு நேரம் பிடிக்கலாம், டாக்டர்?" என்று டெல்மர் கேட்டான். பாவம், அவன் உண்மையாகவே கேட்டான்.

"ஒரு கோடு போடற நேரம் பிடிக்கலாம். ஒரு முழு எழுத்து எழுதணும்னா நான் யோசிப்பேன்."

ரோவீனா நாற்காலியிலிருந்து எழுந்து, ஆக்சிஜன் பெட்டியை இழுத்துக்கொண்டு வேலிவரைக்கும் வந்தாள். அவ்வளவு தூரம் நடந்ததற்கு அவளுக்கு மூச்சு வாங்க நேரமாயிற்று. அதுவரை டாக்டர் மரியாதையாகக் காத்திருந்தார்.

"கோழி வளர்க்கறவங்க பிடிச்சா, டாக்டர்?"

"கோழிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே அம்மா" என்று அவர் சிரித்தார். "ஒங்க மாதிரி உடம்புக்காரங்க இந்தக் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது. யாராவது முன்னாடியே ஒங்களுக்குச் சொல்லியிருக்கணும்."

"சொல்ல வேண்டியவர் கோழியைப் பார்த்துட்டிருந்தார்" என்றாள் ரோவீனா.

டாக்டருக்கு அது புரியவில்லை. முகமூடிக்குள் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு வேலிக்கம்பைப் பிடுங்கி அவர் வண்டிக் கண்ணாடியில் அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை. நாங்கள் எப்போதும் அடிக்கிறதில்லை, அதுதான் எங்கள் வியாதி.

டாக்டரின் உத்தரவுப்படி ஒவ்வொரு பேனாவையும் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, கண்ணாடி போன்ற பூச்சில் முக்கியெடுத்து உலரவிட வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. மொத்தம் பல பூச்சுகள். நன்றாக இறுகாமல் ஆளுநரிடம் கொடுக்கக்கூடாது. டெல்மர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு பெம்பர்டனைக் கூப்பிட்டான். நானும் பக்கத்தில் இருந்தேன். போனின் ஸ்பீக்கர் போட்டிருந்தான்.

"மேடம், பூச்சு இறுகறதுக்குள்ள கையெழுத்துக் கெடு தாண்டிருமே."

"விழாவை ஒத்திவச்சாச்சு, மிஸ்டர் ராட்லிஃப். பூக்காரங்ககிட்டகூடச் சொல்லியாச்சு."

"விழா இல்ல மேடம். மசோதா. கெடு போச்சுன்னா மசோதா போயிருமே."

"அது சட்டத் துறை பார்த்துக்கும். நாங்க விழாத் துறை. ஒங்க வேலை பூச்சு. அதை அவசரப்படுத்தாதீங்க, குமிழி விழுந்துரும்."

டெல்மர் சட்டத் துறையையும் கூப்பிட்டான். அங்கே இருந்த அதிகாரி ஹாலிஸ் ட்ரூயிட், மசோதாவின் மூலப்பிரதியை எப்போதோ விழாத் துறைக்கு அனுப்பிவிட்டதாகவும், எல்லாம் உரிய இடத்தில் இருப்பதாகவும் சொன்னார். டெல்மருக்கு நிம்மதியாயிற்று. பெரிய கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்று நம்புகிற ஆள் அவன். நடுராத்திரியில்கூடப் பூச்சில் குமிழி விழுகிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தான்.

விழாவுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். ட்வைலா கிளினிக்கில் மிச்சமிருந்த சிலிண்டர்களை ஏற்றிவிட்டாள். "இதைத் திரும்பக் கொண்டுவந்துருங்க, ஸ்டாக் இல்ல" என்றாள். ரோவீனா நீலக் கோட்டு போட்டுக்கொண்டாள். நல்லபடியாகப் பேசுவதாகச் சொன்னது ஞாபகமிருக்கிறதா என்று டெல்மர் கேட்டான். "இன்னும் கையெழுத்தாகலையே" என்றாள்.

சட்டமன்ற மண்டபத்தில் மரக்கோபுரம் போலவே ஒரு கேக் செய்து வைத்திருந்தார்கள். மேலிருந்து சாக்லேட் தூள் நிலக்கரி மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தது. பேனாக்கள் வெல்வெட்டில் வரிசையாகக் கிடந்தன. ரோவீனா 'பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி' என்ற அட்டையோடு ஓரத்தில் நிறுத்தப்பட்டாள். நாற்காலி கேட்டேன். நாற்காலி படத்தில் விழும் என்றார்கள்.

ஆளுநர் பேசினார்.

"என் தாத்தா சுரங்கத்துல இருந்தவர். அதாவது சுரங்கம் அவர்கிட்ட இருந்துச்சு. உழைப்போட அருமை எங்க குடும்பத்துக்குத் தெரியும், அடுத்தவங்க உழைக்கறதைத் தலைமுறை தலைமுறையாப் பார்த்தவங்க நாங்க. இந்த மரம் பேசுமானா என்ன சொல்லும்? நல்ல வேளை, பேசாது. நம்ம ஆட்கள் பூச்சு போட்டு மூடிட்டாங்க."

கைதட்டினார்கள். அடுத்து ஆர்மிடேஜ் பேசினார். "இந்த மரக்கோபுரம் எங்க கம்பெனியோடது. இதை இடிக்க நாங்கதான் முடிவு பண்ணோம். இடிக்கலைன்னா இன்னிக்கு இந்தப் பேனா ஏது, இந்த விழா ஏது?"

அதற்கும் கைதட்டினார்கள். டெல்மரும் தட்டினான், பழக்கதோஷம்.

பிறகு ஆளுநர் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஒரு கோடு, ஒரு பேனா, ஒரு கைகுலுக்கல், ஒரு புகைப்படம். கால் வளைவுகளை அவர் அருமையாகப் போட்டார், பழகியது வீண்போகவில்லை. ரோவீனா நின்றுகொண்டே இருந்தாள். அவளுடைய சிலிண்டரில் முள் இறங்கிக்கொண்டிருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பேனாவால் ஆளுநர் புள்ளி வைத்தார். அதைச் சின்னப் பெட்டியில் வைத்து மூடி, முத்திரை ஒட்டி ரோவீனாவிடம் கொடுத்தார்.

"இது ஒங்களுக்கு, மேடம். நீங்க இல்லைன்னா இந்த விழாவே இல்ல."

"இனி கிளினிக்குக்குப் பணம் எப்ப வரும்?" என்று அவள் கேட்டாள்.

ஆளுநர் பெம்பர்டனைப் பார்த்தார். பெம்பர்டன், கேக் தின்றுகொண்டிருந்த ட்ரூயிட்டைப் பார்த்தார். ட்ரூயிட் தட்டை வைத்துவிட்டு வந்து, மேசையிலிருந்த கையெழுத்தான காகிதத்தை எடுத்துப் பார்த்தார். கெட்டியான பால்நிறக் காகிதம், ஓரத்தில் தங்கக்கோடு.

"இது நகல்" என்றார்.

"நகல்தான். விழாவுக்கு எப்பவும் நகல்தானே" என்றார் பெம்பர்டன். "நிஜமானதுல முன்னாடியே சத்தமில்லாம கையெழுத்து வாங்கிருப்பீங்க. நாங்க அப்புறமா அழகா இன்னொருதடவை போட வைப்போம். எல்லாச் சட்டத்துக்கும் இப்படித்தானே."

"இதுக்கு எப்படி வாங்க முடியும்? இந்த மரத்துப் பேனாவால மட்டும்தான் போடுவேன்னு கவர்னர் டிவில சொன்னாரே. அதனாலதான் மூலத்தை ஒங்களுக்கு அனுப்புனேன்."

"கவர்னர் டிவில சொல்றதை நாங்க யாரும் எடுத்துக்கறதில்லையே."

"மூலம் இப்ப எங்க இருக்கு?"

பெம்பர்டன் மேசையைக் காட்டினார். பால்நிறக் காகிதம் வழுக்காமலிருக்க அதற்கடியில் ஒரு சாதாரண அச்சுத்தாளை மெத்தைபோல வைத்திருந்தார்கள். அதுதான் மசோதா. ஆளுநர் அழுத்திப் போட்ட கோடுகளும் வளைவுகளும் அதில் மை இல்லாமல் பதிந்திருந்தன.

"இப்ப இதுலயே போட்டுரலாமே" என்றான் டெல்மர். "பேனா இருக்கு. கவர்னர் இருக்கார்."

"கெடு போன வாரமே முடிஞ்சிருச்சு, சார்" என்றார் ட்ரூயிட். "விழாவை ஒத்திவச்சதை எங்களுக்கு யாரும் சொல்லலை."

"விழாத் தேதி எங்க உரிமை. அதை ஏன் சொல்லணும்?" என்றார் பெம்பர்டன்.

ஆர்மிடேஜ் தன் முதல் கோட்டுப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அவசர வேலையிருப்பதாகக் கிளம்பினார். முகத்தில் துக்கம் இருந்தது, அதை அவர் வாசல்வரைக்கும் கீழே விடவில்லை.

ஆளுநர் டெல்மரின் தோளில் கை போட்டார். "தப்பு யார் மேலயும் இல்ல. அவங்கவங்க வேலையை அவங்கவங்க ஒழுங்காச் செஞ்சிருக்காங்க. அடுத்த வருஷம் திரும்பக் கொண்டுவருவோம். அதுக்கும் ஒங்க மரம்தான்" என்றார். இன்னொரு சட்டத்துக்கான விழா பக்கத்து மண்டபத்தில் இருந்ததால் அவருக்கு அதிக நேரமில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் டெல்மர் கைகளை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு பார்த்தபடி வந்தான். "ஒரு பூச்சு குறைச்சிருந்தா கெடுவுக்குள்ள முடிஞ்சிருக்கும். யாருக்குத் தெரியப்போகுது" என்றான்.

"பூச்சு போட்டது மட்டும்தான் நீ" என்றாள் ரோவீனா. "நிறுத்து. வண்டியை இல்ல லூத்தர், நீ ஓட்டு. இவன் அழறதை நிறுத்தச் சொன்னேன்." அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். அழ அவளுக்கு மூச்சு போதவில்லை, அவ்வளவுதான்.

மாதம் முடியும்போது கிளினிக் மூடிற்று. கடைசி நாள் நாங்கள் போனபோது ட்வைலா சுவரிலிருந்த படங்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். நோயாளிகளின் மருத்துவக் கோப்புகளை அவரவர் கையிலேயே கொடுத்தாள், இனி நகரத்து மருத்துவமனையில் காட்டிக்கொள்ளலாம் என்று. வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும். ட்வைலா மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். பேனாக்களையும் மூட்டை கட்டிவிட்டிருந்தாள். டெல்மர் சட்டைப்பையைத் தடவினான். ஊருக்கெல்லாம் பேனா கடைந்த ஆளிடம் ஒரு பேனா இல்லை, கொட்டகையில் மஞ்சள் நாடா இன்னும் தொங்குகிறது.

ரோவீனா கைப்பையிலிருந்து ஆளுநர் கொடுத்த பெட்டியை எடுத்தாள். முத்திரை உடைக்காமல் அப்படியே இருந்தது. மேலே டாக்டர் ஆட்லியின் துறை ஒட்டிய எச்சரிக்கை: நுரையீரல் நோய் உள்ளவர்கள் இதைத் திறக்கக் கூடாது.

நகத்தால் முத்திரையைக் கீறித் திறந்தாள். ரோவீனா மே ராட்லிஃப் என்று முழுப் பெயரையும் அந்த ஒரு பேனாவாலேயே எழுதினாள். நடுவில் இரண்டு தடவை மூச்சுக்காக நிறுத்தினாள், ஆனால் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்கவில்லை.

"நல்லாத்தான் எழுதுது" என்று டெல்மரிடம் சொன்னாள்.